வேகம் குறைக்கும் கருவி

மேபாஷி நகரில் கார்களின் வேகத்தை ஏற்றித் தருவதில் பேர்போனது குரிஹாராவின் கடை. அவர் சயோகோவின் முன் இரண்டு கருவிகளை வைத்தார்.

“இது எஞ்சின் கோளாறை மட்டும் காட்டும்மா. அது வேகத்தையே மாத்தும். எவ்வளவு ஏத்தணும்?”

“குறைக்கணும்.”

குரிஹாரா வாய்விட்டுச் சிரித்தார். “குறைக்கணும்னு வந்த மொத ஆள் நீங்கதான்! யாரு வண்டி?”

“என் சின்ன மகன் ஓட்டுறான். அவனுக்குத் தெரியாமச் செய்யணும்.”

“வயசுப் பையன் வேகமாப் போகாம? பயப்படாதீங்கம்மா, எஞ்சின் தாங்கும்.”

“தாங்கிடுச்சு. போன வருசம் என் பெரியவனுக்கு நீங்க வேகம் ஏத்திக் குடுத்த வண்டிதான் அது. மலைப்பாதையில மோதி முன்பக்கம் நசுங்குச்சு. அதைச் சரிபண்ணிட்டாங்க.”

“அப்போ... உங்க பெரிய பையன்?”

“அவனைத்தான் முடியல. அண்ணன் வண்டின்னு சின்னவன் விக்க விடமாட்டேங்கிறான்.”