ரெண்டு செகண்ட்

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் ரோலர் மெஷினை நிறுத்தும் டேப்லட் ஆப்பை எழுதியவள் பூமிகா. மூன்று மாதமாக அங்கே பயன்பாட்டில் இருக்கும் அதை ஆபரேட்டர்களுக்கு மறுபடி சொல்லிக்கொடுக்கச் சென்னையிலிருந்து வந்திருந்தாள். வகுப்பு முடிந்தும் அன்புசெல்வன் மட்டும் போகவில்லை.

“மேடம், ஸ்டாப்ப அமுக்கினா அது எங்கெங்க போவுது?”

ஆர்வமான ஆள் என்று பூமிகாவுக்கு மகிழ்ச்சி. “ஆப்லேருந்து சர்வருக்கு, அங்கேருந்து நெட்வொர்க் வழியா மெஷினோட கன்ட்ரோலருக்கு. மெஷின் நிக்க ரெண்டு செகண்ட் ஆகும்.”

“ஆனா அமுக்கின உடனே ‘நின்றது’ன்னு ஸ்கிரீன்ல வருதே?”

“அது நான் வச்சதுதான். மெஷின்லேருந்து பதில் வர்ற வரைக்கும் காத்திருந்தா, ஆப் ஸ்லோன்னு சொல்லுவாங்க. அதனால முன்னாடியே காட்டிடுவேன்.”

“அப்ப மெஷின் ஓடிக்கினு இருக்கும்போதே, நின்னுடுச்சின்னு ஸ்கிரீன் சொல்லிடும்.”

“ரெண்டு செகண்ட்தானே! ஏன் கேக்கறீங்க?”

அன்புசெல்வன் டேப்லட்டை மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.

“போன மாசம் இதே ரோலர்ல என் பொண்டாட்டிக்கு ரெண்டு கையும் போச்சி மேடம். அவதான் அவசரப்பட்டு உள்ள கைய உட்டுட்டான்னு ஆபீஸ்ல எழுதிட்டாங்க. அவ அவசரப்படல. ஸ்கிரீனப் பாத்துட்டு, ‘நின்னுடுச்சி, கைய உள்ள உடு’ன்னு நான்தான் சொன்னேன்.”