முப்பத்து மூன்று டிகிரி

வராந்தாப் பக்கக் கதவில் ஒட்டியிருந்த சீல் தாள் கிழியவில்லை. பொறியாளர் அதை ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பிய்த்தார்.

"முப்பது நாளா ஒருத்தரும் தொடல மேடம். நானே ஒட்டினது."

கட்டடக் கலைஞரான அவள் தலையாட்டினாள். உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த, கால்மணிக்கு ஒருமுறை தானே குறித்துவைக்கும் வெப்பமானியைக் கழற்றினாள்.

நூற்றிருபது வயதுப் பதிவு அலுவலகம் அது. வெளியே நாற்பது டிகிரி என்றால் உள்ளே முப்பத்தொன்பது. இடித்துவிட்டுக் கண்ணாடிக் கட்டடம் எழுப்ப வரைபடம் தயார். அவள் அலைந்து திரிந்து இந்த ஒரே அறையைச் சோதனைக்கு வாங்கியிருந்தாள். நிபந்தனை ஒன்றுதான்: ஏசி இல்லாமல், ஒரு நாளும் முப்பத்தொன்றைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மொத்தமும் தரைமட்டம்.

சீல் வைக்கும் முன் கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். பலகை வைத்து அடைத்திருந்த மேல் சாளரங்களைத் திறந்தாள். முற்றத்துப் பக்கம் செங்கல்லால் மூடிக் கிடந்த பழைய வாசலை உடைத்து, காற்று நுழைய இடைவெளி விட்ட மரக்கதவு போட்டாள்.

பொறியாளர் வெப்பமானியின் மேல் குனிந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். மூச்சு பட்டாலே ஏறும்."

அதன் திரையில் பதிவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். காலையில் இருபத்தெட்டு. பன்னிரண்டரைக்கு முப்பது. ஒன்றேகாலுக்கு முப்பத்து மூன்று. இரண்டரைக்கு மறுபடி முப்பது. அடுத்த நாளும் அதேதான். அதற்கடுத்த நாளும்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் முப்பதத் தாண்டல," என்றாள்.

"ஞாயித்துக்கிழமை சூரியனுக்கு லீவா மேடம்?"

சிரிக்க அவளுக்குத் தெம்பில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்று இருந்தது. தப்பு எங்கே? சுண்ணாம்பிலா, சாளரத்திலா? இதற்கு முன் ஒரு பள்ளிக்கூடம், ஒரு ரயில் நிலையம். இரண்டுக்கும் இப்படித்தான் நடையாய் நடந்தாள். இரண்டு இடத்திலும் இப்போது கார்கள் நிற்கின்றன.

"எங்கப்பா இங்கதான் குமாஸ்தாவா இருந்தாரு," என்றார் பொறியாளர். "வெயில் காலத்துல ஈரத் துண்டத் தலையில போட்டுக்கிட்டு எழுதுவாராம். எனக்கு மட்டும் இத இடிக்க ஆசையா?"

"எழுதுங்க சார்."

"இன்னும் ஒரு மாசம் கேட்டுப் பாக்கலாமா?"

"வேணாம். கெஞ்சிக் கெஞ்சி வாய் வலிக்குது."

அவர் ஜன்னல் விளிம்பில் காகிதத்தை வைத்து மெதுவாக எழுதினார். சோதனை தோல்வி. இடிக்கப் பரிந்துரை. தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினார். அவள் படித்துப் பார்க்கவில்லை. கையெழுத்துக்கான இடத்தை மட்டும் தேடினாள்.

வராந்தாவில் சாப்பாட்டு மணி அடித்தது.

முற்றத்தில் செருப்புச் சத்தம். கூடவே யாரோ யாரையோ கேலி செய்யும் சத்தம். மரக்கதவு திறந்தது. தட்டச்சுப் பிரிவு அம்மா சாப்பாட்டு டப்பாவோடு நுழைந்து, பொறியாளரைக் கண்டதும் அப்படியே நின்றார். பின்னால் வந்தவர்கள் அவர் முதுகில் மோதிக்கொண்டார்கள். வரிசை முற்றத்தைத் தாண்டி நீண்டிருந்தது.

"என்னக்கா, நடுவழியில நின்னுட்டீங்க? பசி உயிர் போகுது!"

அந்த அம்மா டப்பாவை முந்தானைக்குள் மறைத்தார். இனி மறைத்துப் பயனில்லை என்று புரிந்ததும் வெளியே எடுத்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார், மத்த ரூம்ல உக்கார முடியல... ஒரு மாசமா நாங்க அறுபது பேரும் இங்கதான் சாப்பிடுறோம்."