டிக்கிக்குள் ஒரு ரவுண்டு

நிற்கும் வண்டியின் மேல் எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் டிக்கி ஒழுகவில்லை. மழையில் ஓடும்போதுதான் ஒழுகியது. அதனால் மழை பிடித்ததும் ஞானசேகரன் டார்ச்சோடு டிக்கிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டான். “ஒரு ரவுண்டு போ. ஒழுகுற எடம் தெரிஞ்சதும் சீட்டுல ரெண்டு தட்டு தட்டுறேன், நிறுத்திடு” என்றான். அவன் மனைவி சுகந்தி மூடியைச் சாத்தினாள். லைசென்ஸ் வாங்கியதிலிருந்து, பக்கத்து சீட்டில் அவன் இல்லாமல் அவள் வண்டி எடுப்பது இதுதான் முதல் தடவை. “கிளட்ச்ச மிதி! கியர மாத்து!” என்று உள்ளே இருந்தபடியே கத்தினான். மழை இரைச்சலில் அது அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. ஒரு வேகத்தடையில் தலை தகரத்தில் இடித்தது. அப்போது பின்விளக்கின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு அவன் கன்னத்தில் விழுந்தது. அங்கே ரப்பர் கிழிந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தியதும் ஒழுகல் நின்றது. சந்தோஷமாக இரண்டு தட்டு தட்டினான். வண்டி நிற்கவில்லை. ரயில்வே கேட்டின் தண்டவாளம் முதுகுக்கடியில் தடதடத்தது. அதைத் தாண்டினால் வீட்டுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். வண்டி வலப்பக்கம் திரும்பியது. விரலை எடுக்காமல், இன்னொரு கையால் சீட்டை ஓங்கி ஓங்கி அடித்தான்.

“சுகந்தி! கண்டுபிடிச்சிட்டேன், நிறுத்து!”

முன்னாலிருந்து அவள் குரல் நிதானமாக வந்தது. “இருங்க. வேற எங்கயாவது ஒழுகுதான்னும் பாத்துடுவோம்.”

பிறகு கியர் மாறியது, கொஞ்சம்கூடச் சத்தமில்லாமல்.