பன்னிரண்டாவது கூரை

சர்வேயர் வருவதற்குள் கூரை பறந்தாக வேண்டும். புயல் செய்யாமல் விட்டதை மேஸ்திரி ஸ்பேனரால் செய்துகொண்டிருந்தான்.

தெருவில் பன்னிரண்டு வீடு. எல்லாம் தகரக் கூரை. புயலுக்கு முந்தின நாள் ஆட்களை லாரியில் அள்ளிப் பள்ளிக்கூடத்தில் இறக்கியிருந்தார்கள். இன்று பதினொரு மணிக்கு அதே லாரி திரும்புகிறது, இன்சூரன்ஸ் சர்வேயரையும் ஏற்றிக்கொண்டு. மேஸ்திரியும் மனைவியும் விடிந்ததுமே வாய்க்கால் கரையோடு நடந்து வந்துவிட்டார்கள்.

வந்து பார்த்தால் பதினொரு வீடு மொட்டை. இவர்கள் கூரை மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தது.

"தப்பிச்சு நிக்கிறதைப் போய்ப் பிரிக்கிறோமே. மனசு ஆறலைங்க."

"பேசாம புடி. தகரம் கையை அறுத்துடும்."

ஆளுக்கொரு முனை பிடித்து இழுத்துப்போய்ப் பின்னால் இருந்த குட்டையில் தள்ளினார்கள். தகரம் குமிழி விட்டு மூழ்கியது. எட்டுத் தகரத்தில் ஐந்து முடிந்திருந்தது. போல்ட்டுகள் துருப்பிடித்து அடம் பிடித்தன. மேஸ்திரியின் விரல் முட்டியில் தோல் இல்லை. ஆனாலும் கழற்றியதில் ஒன்றைக்கூடக் கீழே விடாமல் பெயிண்ட் வாளியில் போட்டான்.

"ஒரு தகரத்துக்குப் பதினாறு போல்ட்டு! எதிர்வீட்டுக் கூரையை ஒரே நாள்ல முடிச்சிட்டு வந்தீங்க. நம்ம வீட்டுக்கு மூணு நாள் முடுக்கினீங்க. இப்ப அனுபவிங்க."

அவன் அடுத்த போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினான்.

"ஆமா, எவ்வளவு தருவாங்க?"

"முதல்ல உள்ள போய்த் தண்ணி ஊத்து. கூரை போன வீடு இப்படியா காஞ்சு கிடக்கும்?"

அவள் மகளின் பாடப் புத்தகங்களை மட்டும் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒதுக்கினாள். பிறகு குட்டைத் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து சுவரில் அடித்தாள். அரிசி டின்னில் ஊற்றினாள். மெத்தையில் ஊற்றும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசித் தகரம் மூழ்கவும் தெருமுனையில் ஹாரன் அடிக்கவும் சரியாக இருந்தது. மேஸ்திரி வாளியை அடுப்பு மேடைக்கு அடியில் தள்ளி, சாக்கால் மூடினான்.

லாரியிலிருந்து இறங்கியவர்கள் அவரவர் வாசலில் நின்று அழுதார்கள். சர்வேயருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. வீட்டுக்கு நாலு மூலையிலிருந்து நாலு படம், வானத்தைப் பார்த்து ஒரு படம். டேப்பை நீட்டி அளந்தார், எழுதினார், அடுத்த வீட்டுக்குப் போனார்.

மூன்றாவது வீட்டில் நின்றுவிட்டார். தகரத்தை முடுக்கும் கூரைக் குழாயை அண்ணாந்து பார்த்தவர் கழுத்தைக் கீழே இறக்கவில்லை.

"இந்தக் கூரை போட்டது யாரு?"

"எங்க மேஸ்திரிதான் சார். பன்னெண்டு வீடும் அவர் கை." எதிர்வீட்டு டிரைவர் பெருமையாகக் கையைக் காட்டினான்.

"காத்துல போனதுக்குத்தான் கம்பெனி பணம் தரும். வேலையில கோளாறுன்னு நான் எழுதிட்டா தெருவுக்கே ஒத்தைப் பைசா வராது."

மேஸ்திரி தோல் உரிந்த முட்டியை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டான்.

"கோளாறா?" டிரைவர் எகிறினான். "அவர் வீட்டையே போய்ப் பாருங்க சார். அதுவும் மொட்டை. எவனாச்சும் தன் வீட்டுக்கே கோளாறா வேலை பார்ப்பானா?"

சர்வேயர் விறுவிறுவென்று பன்னிரண்டாவது வீட்டுக்கு நடந்தார். பின்னாலேயே மொத்தத் தெருவும். உள்ளே போய் மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்தினார், தண்ணீர் கசிந்தது. மேலே பார்த்தார். வெறும் குழாய், அதற்கு மேல் வானம்.

"ஒரு கூரைகூட நிக்கலை. அப்ப காத்துதான்."

எழுதிவிட்டார். மூலைவீட்டு டீச்சரம்மா மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். "எங்களுக்கு வந்துடும்ணே. ஆனா உங்க கூரையும் போச்சேண்ணே."

சர்வேயர் பட்டியலில் விரலை ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார். "உங்க வீடு இதுல இல்லையே?"

"இல்ல சார். நான் இன்சூரன்ஸ் எடுக்கலை."

"அப்ப உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காதே."

"தெரியும் சார்."

சர்வேயர் உச்சுக் கொட்டிவிட்டு நான்காவது வீட்டைப் பார்த்து நடந்தார். தெருவும் அவர் பின்னால் போனது.

ஈர வீட்டுக்குள் மனைவி குடத்தோடு நின்றாள். "எல்லாரும் எடுத்தப்ப நாமும் எடுத்தாச்சுன்னுதானே சொன்னீங்க?"

"நம்ம கூரை பறக்காதுன்னு எனக்குத் தெரியும். அதான் எடுக்கலை."

"அப்புறம் எதுக்குய்யா நின்ன கூரையைப் பிரிச்ச?"

மேஸ்திரி குனிந்து சாக்கை விலக்கினான். வாளியை இரண்டு கையாலும் இழுத்து அவள் காலடியில் வைத்தான்.

"இதுல முக்கால்வாசி அவங்க வீட்டு போல்ட்டு."