ஏறாவூருக்குப் புறப்பட்ட தண்ணீர்

முற்றத்தில் நின்றவர்கள்: அஸ்கர், அவனுடைய மனைவி ஹஸீனா, ஏறாவூரிலிருந்து வீடு பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய் கைறுன்னிஸா, அவளுடைய தங்கை. வேன்காரன் வேலிப் படலைக்கு வெளியே. அஸ்கரின் மகள், மணப்பெண் ஸாதியா உள்ளே, யன்னல் சீலைக்குப் பின்னால்.

வீடு பெண்ணுக்குப் போகும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பான். இந்தப் பக்கத்து வழக்கம் அது. அதனால் மாப்பிள்ளை வீட்டார் முதலில் பார்ப்பது பெண்ணை அல்ல, சுவரை.

கைறுன்னிஸா சுவரைப் பார்த்தாள். தளத்தை மிதித்துப் பார்த்தாள். பிறகு வேலியோரம் நின்ற மாதுளைகளையும் பேரீச்சைகளையும் பார்த்தாள்.

"அறபு நாட்டையே பாயில சுருட்டிக் கொண்டாந்து விரிச்சிருக்கார் காக்கா," என்றாள் தங்கை, அஸ்கரை அண்ணன் முறை வைத்து.

எல்லோரும் சிரித்தார்கள். அஸ்கரும் சிரித்தான்.

அவள் சொன்னதில் பிழையில்லை. சவூதியில், தாயிப் பக்கத்து மலைமேட்டில், கல்லும் காற்றும் மட்டுமே இருந்த நிலத்தில், ஓர் அறபிக்காக அவன் வீடும் தோட்டமும் உண்டாக்கினான். அங்கே மேல் தண்ணீர் கசக்கும். அடியில்தான் இனிக்கும். துளைத்துக்கொண்டே போக வேண்டும். அந்தத் தோட்டம் இன்றைக்கும் காய்க்கிறது. அறபியின் மகன் படம் அனுப்புவான்.

காத்தான்குடியில் ஆறு என்பது உப்பு வாவி; அதன் கரை மணலில் எல்லாம் தலைகீழ். நல்ல தண்ணீர் மேலேதான், பாலில் ஆடை மாதிரி. அதற்குக் கீழே உப்பு. இங்கே சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

ஹஸீனா சொன்னாள். குழாய்க் கிணறு இறக்க வந்தவனும் சொன்னான். பாலைவனத்தில் தண்ணீர் எடுத்தவனுக்கு நீங்கள் பாடம் நடத்துகிறீர்களா என்று அஸ்கர் கேட்டான். குழாயை இன்னும் இறக்கச் சொன்னான். பெரிய மோட்டரைப் பூட்டினான்.

இப்போது உப்பில் மாதுளை இலைகளின் ஓரம் கருகியிருந்தது. வெயில் என்று வந்தவர்களிடம் சொன்னான்.

தேநீருக்குக் கடையிலிருந்து பிளாஸ்டிக் கானில் தண்ணீர் வாங்கி வைத்திருந்தான். அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பள்ளிவாசலில் அஸர் பாங்கு கேட்டது.

கைறுன்னிஸா தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவி வுழூ செய்யக் குழாயடிக்குப் போனாள். வுழூ என்றால் வாய் கொப்புளிக்க வேண்டும். அஸ்கர் இதை யோசித்திருக்கவில்லை. பேரீச்சை மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவள் கொப்புளித்துத் துப்பினாள். மறுபடியும் துப்பினாள். மூன்றாவது முறை துப்பவில்லை, விழுங்கினாள்.

"அல்லாஹ்! இளநி மாதிரியெல்லவா இரிக்கி. ஆத்தங்கரை எண்டதும் உப்புத் தண்ணியாத்தான் இரிக்கும் எண்டு பயந்து வந்த நான். இனி என்ன கதை காக்கா, எங்களுக்குச் சம்மதம்."

அஸ்கர் ஓடிப்போய்க் கையேந்திக் குடித்தான்.

இனித்தது.

கடைசியில் தண்ணீர் மாறிவிட்டது. அவனுக்குக் கண் கலங்கியது.

"ஆழம் போனாத் தண்ணி மாறும் எண்டு நான் அப்பவே சொன்ன நான். இவதான் நம்பல்ல," என்றான் சத்தமாக, ஹஸீனாவைக் காட்டி.

ஹஸீனா குழாயை இறுக்கிப் பூட்டினாள்.

தொழுது முடித்த கைறுன்னிஸா ஒரு போத்தல் கேட்டாள். வீட்டில் அவருக்கும் காட்ட வேண்டுமாம். ஹஸீனா குழாயில் நிரப்பி, இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

அப்போதுதான் அஸ்கர் அவளுடைய உள்ளங்கைகளைக் கண்டான். தோல் உரிந்திருந்தது. குறுக்கே கயிற்றின் தடம்.

தண்ணீர்த் தாங்கியைத் திரும்பிப் பார்த்தான். அதில் ஏணி சாத்தியிருந்தது. காலையில் அது அங்கே இல்லை. காலையில் தாயும் மகளும் அவனைப் பழம் வாங்க மட்டக்களப்புக்கு அனுப்பியிருந்தார்கள். ஊரில் இல்லாத பழமா என்று முணுமுணுத்துக்கொண்டே போனான்.

தெருமுனையில் ஸஹீதா வீட்டில் பழைய கிணறு இருக்கிறது. வாளியும் கயிறும்தான். இந்தத் தெருவில் அது ஒன்றுதான் தப்பியது. மற்றக் கிணறுகளை அவனுடைய மோட்டர் கெடுத்துவிட்டது.

வந்தவர்கள் ஸலாம் சொல்லி வேனில் ஏறினார்கள். ஒடுங்கிய தெருவில் வேன் முன்னும் பின்னும் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. போத்தல் கைறுன்னிஸாவின் மடியில்.

தாங்கி என்றால் ஒருநாள் வற்றும். மாப்பிள்ளை இதே குழாயடியில் வாய் கொப்புளிப்பான்.

அஸ்கர் செருப்பைத் தேடினான்.

ஸாதியா வாசலுக்கு வந்தாள். கைகளை முந்தானைக்குள் வைத்திருந்தாள். திறந்து காட்டத் தேவையிருக்கவில்லை.

"ஒண்டும் சொல்லிப்போடாதீங்க வாப்பா. எவ்வளவு காலத்துக்கெண்டாலும் நான் அள்ளி ஊத்துவன்."

அவள் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவன் ஒருவேளை நின்றிருப்பான்.

செருப்பில்லாமல் இறங்கினான். சுடுமணலில் ஓடினான். படலையடியில் நின்று கையை உயர்த்தினான்.

வேன் நின்றது. கைறுன்னிஸா கண்ணாடியை இறக்கி, சிரித்த முகத்தோடு எட்டிப் பார்த்தாள்.

பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சாவி இரண்டு தரம் திரும்பியது.

வீடு ஸாதியாவின் பெயரில் இருந்தது. வீட்டு உறுதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் அவன்தான்.