மூலையில் ஒரு வெள்ளைக் குழாய்

"அந்தக் குழாயை அறுத்துத் தூக்கிப் போட்டுடுங்க" என்றாள் ரெனே.

பேஸ்மென்டில் ஹீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. இதற்குள் அவளுக்கு ஒரு தியேட்டர் வேண்டும். பெரிய திரை, ஐந்து ஸ்பீக்கர், சாய்ந்துகொண்டு படம் பார்க்க நாலு சீட். அயோவாவில் எவரைக் கேட்டாலும் இதே ஆசைதான், குளிர்காலம் படுத்துகிற பாடு அப்படி. எனக்கென்ன, கட்டிக் கொடுப்பதுதானே என் பிழைப்பு.

சுவரில் நீல டேப் ஒட்டித் திரையை வரைந்தேன். தரையில் சீட்டுகளை வரைந்தேன். எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது, அந்த மூலையைத் தவிர.

அங்கே தரையிலிருந்து கிளம்பி, சுவரேறி, வெளியே போகிற தடித்த வெள்ளைக் குழாய் ஒன்று நின்றது. திரையில் கால்வாசியை மறைத்தது. போதாக்குறைக்கு அதன் ஃபேன் வேறு உம்மென்று ஓயாமல் முனகியது. இந்தச் சத்தத்தோடு யார் படம் பார்ப்பது?

"அவர் தொடவே கூடாதுங்கறார். ஈரம் ஏறாம இருக்கப் போட்டாராம். எதுக்கெடுத்தாலும் வீம்பு."

'அவர்' என்றது அவளுடைய அப்பாவை. மேலே சமையலறையில் சோளம் அவித்துக்கொண்டிருந்தார் வெர்லின். அவரை அவள் 'அப்பா' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஊருக்கே தெரிந்த கதைதான். அவள் அம்மா ஆர்டிஸ் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லை. நுரையீரலில் புற்றுநோய் வந்து போய்ச் சேர்ந்தாள். ஊதித் தள்ளியதெல்லாம் வெர்லின்.

அடக்கம் முடிந்து சர்ச்சில் சாப்பாடு நடக்கும்போது, அத்தனை பேர் முன்னாலும் ரெனே கத்தினாள், "எங்கம்மாவை நீங்கதான் கொன்னீங்க!" ஹாம் சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு வெர்லின் அப்படியே நின்றார். அன்றே இரட்டைப் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு டி மாய்ன் நகரத்துக்குப் போனவள்தான், ஒன்பது வருஷம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது கிழவர் இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டதால், அவரைப் பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லாமல் வந்திருக்கிறாள்.

"எங்கம்மா கடைசி வரைக்கும் படுத்திருந்த அறைங்க இது. பூட்டியே கெடக்கறதுக்குப் பசங்க படமாவது பாக்கட்டுமே."

நான் குனிந்து குழாயைத் தட்டிப் பார்த்தேன்.

"ஈரமாவது ஒண்ணாவது! இது ரேடானுக்குப் போட்டதுங்க. இந்தப் பக்கத்து மண்ணுலேர்ந்து கசியற வாயு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. பேஸ்மென்ட்ல வந்து தேங்கிடும். அதை இழுத்து வெளிய விடறதுக்குத்தான் ஃபேன். இதை அறுத்தீங்கன்னா உங்க பசங்க நுரையீரல்..."

சட்டென்று வாயை மூடிக்கொண்டேன். மூடி என்ன பிரயோஜனம்?

ரெனேயின் முகம் வெளுத்துப்போனது.

"சிகரெட் பிடிக்காதவங்களுக்கும் வருமா?"

ஆமென்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் படிகளில் தாவி ஏறினாள். விழுந்து வைக்கப்போகிறாளே என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

"அப்பா! அந்தக் குழாயை எப்பப் போட்டீங்க?"

வெர்லின் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"ஏந்தம்பி, உன்னைச் சினிமாக் கொட்டகை கட்டத்தானே கூப்பிட்டாங்க?"

"எப்பப்பா போட்டீங்க?"

"அம்மாவை அடக்கம் பண்ணின அடுத்த மாசம். டாக்டர் சொன்னாருன்னு அளந்து பாத்தேன். எக்கச்சக்கமா இருந்துச்சு."

அட கடவுளே! மகளுக்கு ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்குமே. இந்த ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதே, சர்ச்சில் இவர் பக்கத்தில் உட்காரக்கூட ஆளில்லையே. இந்த மனுஷர் ஈரம், கீரம் என்று கதை கட்டிக்கொண்டு, கொலைகாரப் பட்டத்தையும் சுமந்துகொண்டு சும்மா இருந்திருக்கிறார். எனக்கு ஆத்திரமே வந்துவிட்டது.

ரெனே அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்தாள்.

"ஏம்ப்பா சொல்லல? நான் அத்தனை பேர் முன்னால உங்களை... ஏம்ப்பா?"

அவர் கையை விடுவித்துக்கொண்டு, கரண்டியை எடுத்துச் சோளத்தைக் கிளறினார். அவிகிற சோளத்தை எவராவது கிளறுவார்களா?

ரெனே கண்ணைத் துடைத்தாள். துடைத்த கை அப்படியே நின்றது.

"அம்மா ரூம் முதல்ல மாடிலதானே இருந்துச்சு" என்றாள் மெதுவாக.

"ரெனே, அந்தப் பேச்சை விடு."

"நான் டைவர்ஸ் ஆகி, கைக்குழந்தைங்க ரெண்டோட வந்து நின்னப்பதானே... 'மாடி ரூமை நீ எடுத்துக்கோ, எனக்குக் கீழே பேஸ்மென்ட்டே போதும்'னு அம்மா..."

"விடுன்னு சொன்னேன்ல!"

கரண்டி தரையில் விழுந்தது. அவர் குரல் உயர்ந்து அன்றைக்குத்தான் கேட்டேன். ஊன்றுகோலை அடுப்பு மேடைமேல் போட்டுவிட்டு, தள்ளாடிக்கொண்டே வந்து மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சிகரெட்தாம்மா. நீ அன்னிக்குச் சொன்னதுதான் சரி. நான்தான் கொன்னேன்."