முட்டினால் சொல்லுங்கள்

ஸ்கேன் அறை வாசலில் இருந்த நர்ஸ் எல்லாப் பெண்களிடமும் அதையேதான் சொன்னாள். தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள், மூத்திரம் முட்டினால் சொல்லுங்கள்.

குடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் நெளிந்தார்கள், காலைப் பின்னிக்கொண்டார்கள், "சீக்கிரம் கூப்டும்மா" என்று கெஞ்சினார்கள். ஒவ்வொருத்தியாக உள்ளே ஓடினார்கள்.

என் மனைவி செங்கொடி மட்டும் கோயில் சிலை மாதிரி அசையாமல் இருந்தாள்.

அடிவயிற்று வலி, விட்டு விட்டுக் காய்ச்சல். என் மீன்பாடி வண்டியில்தான் ஏற்றி வந்தேன். ஐஸ் பெட்டியை இறக்கிவிட்டால் அதுவும் ஆம்புலன்ஸ்தான்.

தண்டையார்பேட்டையில் ரோட்டோரம் மீன் விற்கிறாள். நாளெல்லாம் சங்கராவுக்கும் வஞ்சிரத்துக்கும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பாள். தன் வாயில் ஒரு சொட்டு விட மாட்டாள். குடித்தால் எங்கே போவது? எனக்கு ஊரெல்லாம் சுவர் இருக்கிறது. அவளுக்கு, கடை முடிந்து வீடு வந்தால்தான்.

ஒட்டகத்தைக் கட்டிக்கொண்டவன் நான் என்று தோஸ்துகளிடம் சொல்வேன். முதலில் சிரிப்பதும் நானாகவே இருக்கும்.

இன்னொரு பாட்டிலும் காலி.

"இன்னாமே, முட்டுதா?"

"நம்மாண்டயா? பொழுதனிக்கும் அடக்கிகினு குந்திகினு கீறவ நானு. நீ சும்மா இருய்யா."

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இதற்கொரு போட்டி வைத்தால் கப்பு எங்கள் வீட்டுக்குத்தான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

கடைசியில் அவர்களே கூப்பிட்டார்கள். பிறகு என்னையும் உள்ளே வரச் சொன்னார்கள். திரையில் கறுப்பாக ஒரு குளம்.

"எப்பவோ ரொம்பிடுச்சும்மா. உங்களுக்குத் தெரியவே இல்லையா?" என்றார் டாக்டரம்மா.

செங்கொடி என்னைப் பார்த்தாள். நான் அந்தக் குளத்தையே பார்த்தேன்.

வருஷக்கணக்காக அடக்கி அடக்கி அந்த உணர்வே செத்துவிட்டதாம். தேங்கியது மேலே ஏறி, இரண்டு கிட்னியும் வீங்கியிருக்கிறதாம். இன்றைக்கே சேர்க்க வேண்டுமாம்.

வெளியே வந்தேன். தாகம் எடுத்தது. பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்திருந்த எங்கள் மகள் மகிமா, யூனிபாரமும் பையுமாக நின்றிருந்தாள்.

"தண்ணி கீதா கண்ணு?"

பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். காலையில் நான்தான் கழுத்துவரை பிடித்துக் கொடுத்திருந்தேன்.

இன்னும் கழுத்துவரை இருந்தது.